ரத்தப் பரிசோதனை சரி என்றால், விரிவான ஸ்கேன் எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நான் 17 வாரக் கர்ப்பிணி. பத்தாவது வாரத்தில் எடுத்த என்ஐபிடி ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. என் அக்கா மகன் முதுகுத்தண்டுப் பிளவுடன் பிறந்தவன். இனி விரிவான ஸ்கேன் அவசியமா?

பதில்: அவசியம் அம்மா. தயவுசெய்து தவிர்க்காதீர்கள். என்ஐபிடி பரிசோதனை டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாடுகளைத்தான் தேடுகிறது; முதுகுத்தண்டு சரியாக மூடியிருக்கிறதா என்பதை அது காட்டாது. நல்ல முடிவு வந்த நிம்மதியில் அடுத்த ஸ்கேனை அலட்சியம் செய்வோரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவேண்டிய நரம்புக்குழாய், கரு உருவான 28 நாள்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாத இடத்தில் மூளைத் தண்டுவட நீர் கசிவதால், சிறுமூளை கீழ்நோக்கி இழுபட்டு வளைந்து, மண்டையோட்டின் முன்பகுதியும் இருபுறம் உட்குழிந்து தெரியும். ஆகவே 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யும் இந்த விரிவான ஸ்கேனில், முதுகெலும்பையும் அதை மூடியுள்ள தோலையும் பார்ப்பதோடு, தலையையும் கவனமாக ஆராய்வார்கள். பல நேரங்களில் முதல் துப்பு தலையில்தான் கிடைக்கிறது. தாயின் ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தை அளக்கும் சோதனையும் உண்டு. பிளவு திறந்திருந்தால் அது உயரும்; ஆனால் தோல் மூடிய பிளவில் உயர்வதில்லை. இரட்டைக் கரு, வாரக் கணக்குப் பிழை ஆகியவற்றாலும் அது உயரலாம்.

ஐயம் எழுந்தால், கருநிலை மருத்துவ நிபுணர் ஸ்கேனை மறுபடியும் எடுப்பார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும், பனிக்குட நீர்ச் சோதனையும் செய்யப்படும். பிளவு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பெரும்பாலும் அமையும் என்பதால், சிறார் நரம்பியல் அறுவை மருத்துவரிடமும் பேசுங்கள். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தகுதியுள்ள சிலருக்கு 26ஆம் வாரத்திற்கு முன் கருப்பையிலேயே செய்த அறுவை, தலையில் தேங்கும் நீரை வடிக்கப் பொருத்தும் குழாயின் தேவையைக் குறைத்தது. குறைப்பிரசவ அபாயமோ கூடியது. சிங்கப்பூரில் கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற முடிவுக்கு, தாயின் உயிர் போன்ற விதிவிலக்குகள் தவிர, 24 வாரமே சட்ட வரம்பு. முடிவு உங்களுடையது, அவசரப்படுத்த யாருக்கும் உரிமையில்லை; ஆனால் யோசிக்க நாள் வேண்டுமே, அதனால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த கர்ப்பத்தில் இந்தப் பிளவின் அபாயத்தைக் குறைக்க, கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குவது நல்லது. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சில வலிப்பு மாத்திரைகள் இந்த அபாயத்தைக் கூட்டும்; அவற்றைச் சாப்பிடுபவராக இருந்தால், நீங்களாக நிறுத்தாமல், அதை இப்போதே சொல்லுங்கள். ஸ்கேன் அறைக்குள் போனதும், படுப்பதற்கு முன்பே அக்கா மகனைப் பற்றிக் கூறிவிடுங்கள்.