விக்டோரியா காலத்துப் பறவை ஓவிய நூல்கள்: கேள்வி பதில்

பழைய பறவை ஓவிய நூல்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலை கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதுவும் வருகிறது.

எங்கே பார்த்தாலும் ‘ஜான் கூல்ட் ஓவியம்’ என்றே போட்டிருக்கிறார்களே, அத்தனையும் அவரே வரைந்ததா சார்?

இல்லை. கூல்ட் லண்டன் விலங்கியல் சங்கத்தில் இறந்த பறவைகளைப் பாடம் செய்யும், அதாவது கெடாமல் பதப்படுத்தி உருவாக்கி வைக்கும், வேலையில் இருந்தவர். பறவை எப்படி உட்கார வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கரடுமுரடாகக் கிறுக்கிக் கொடுப்பார். மற்றதெல்லாம் பிறர் கைவேலை.

முதல் நூலுக்கு அந்தக் கை அவர் மனைவி எலிசபெத்தினுடையது. 1830 வாக்கில் இமயமலையிலிருந்து பறவைத் தோல்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்து 80 படங்களில் 100 பறவைகளைக் கல்லில் வரைந்தது எலிசபெத். உரை எழுதியது விகர்ஸ் என்ற இன்னொருவர். கூல்ட் இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. 1838இல் கணவனும் மனைவியும் ஆஸ்திரேலியா போனார்கள். திரும்பி வந்த மறு ஆண்டே, 1841இல், எட்டாவது பிரசவத்துக்குப் பிறகு எலிசபெத் இறந்துபோனார். வயது 37. அதற்குள் ஆஸ்திரேலியப் பறவைகள் நூலுக்கு 84 படங்களை முடித்திருந்தார். பாக்கியில் பெரும்பகுதியை ரிக்டர் என்ற ஓவியர் வரைந்தார். மற்ற நூல்களுக்கு வுல்ஃப், ஹார்ட் போன்றவர்களும் வந்தார்கள். படத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கூல்ட், ரிக்டர்’ என்று இரண்டு பேர் இருந்தால், கல்லில் வரைந்தவர் இரண்டாமவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், கூல்டை ஓவியர் என்பதைவிடத் திறமையான பதிப்பாளர் என்பதே பொருத்தம். அது ஒன்றும் குறைந்த வேலை இல்லை.

‘கல்லில் வரைவது’ என்றால்? செதுக்குவார்களா?

செதுக்க மாட்டார்கள். பவேரியாவில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்மேல் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைவார்கள், அதுவும் இடவலம் மாற்றி. பிறகு கல்லை நனைத்து மை உருட்டினால் கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். மேலே தாளை வைத்து அழுத்தி எடுத்தால் கறுப்பு வெள்ளைப் படம் தயார். கல்லச்சு என்பது இதுதான்.

வண்ணம் பூசுவதுதான் பெரிய பாடு. ஓவியர் ஒரு மாதிரித் தாளுக்கு வண்ணம் கொடுத்துவிடுவார். கூலிக்கு வண்ணம் பூசுகிறவர்கள் அதைப் பார்த்து ஒவ்வொரு தாளையும் தூரிகையால் தீட்ட வேண்டும். பிரிட்டன் பறவைகள் (1862–73) நூலுக்கு மட்டும் இப்படி ஏறக்குறைய 2,80,000 படங்களுக்குக் கையால் வண்ணம் பூசியதாகக் கூல்டே எழுதியிருக்கிறார். பேஃபீல்டின் பட்டறை என்று ஒரு பெயர் கிடைக்கிறது. அங்கே உட்கார்ந்து பூசியவர்களின் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை.

ஹம்மிங் பறவைகள் நூலில் கழுத்து தகதகவென்று மின்னும் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கிறது.

ஸ்கேனரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தில் முதலில் தங்க இலை ஒட்டி, அதன்மேல் அடியிலிருப்பது தெரியும்படி வண்ணத்தைப் பூசியிருக்கிறார்கள். தாளைச் சாய்த்தால்தான் பச்சையும் செம்பும் மாறி மாறி அடிக்கும். நேராக வைத்து ஸ்கேன் செய்தால் அது பழுப்பாகச் செத்துக் கிடக்கும். 1849 முதல் 1861 வரை வெளிவந்த கூல்டின் இந்த மூல நூலில் 360 படங்கள். நடுவில் 1851இல், லண்டனில் உலகக் கண்காட்சி நடந்த சமயம், விலங்குக் காட்சிசாலையில் பாடம் செய்த ஹம்மிங் பறவைகளைக் கூல்ட் காட்சிக்கு வைத்தார். 75,000 பேருக்கு மேல் வந்தார்கள். விக்டோரியா மகாராணியும் வந்தார். விளம்பரம் தெரிந்த ஆள்!

கிளி ஓவியங்கள் வரைந்த எட்வர்ட் லியரும் வேடிக்கைப் பாட்டு எழுதிய லியரும் ஒருவரா?

ஒருவரேதான். அந்தக் கிளி நூல் 1830–32இல் வந்தது. கறாராகப் பார்த்தால் விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு முன். தொடங்கும்போது லியருக்கு 18 வயது. 42 படங்கள், 175 பிரதிகள், அவ்வளவுதான். மற்றவர்கள் காய்ந்த தோலைப் பார்த்து வரைந்த காலத்தில் இந்தப் பையன் காட்சிசாலைக்குள் போய் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தான். அந்தக் கிளிகளின் கண்ணைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிற்காலத்தில், 1873–75இல், இந்தியாவும் இலங்கையும் சுற்றினார். ஆனால் அப்போது வரைந்தது இயற்கைக் காட்சிகளை.

நம் பக்கத்துப் பறவைகளுக்கு இப்படி ஏதாவது உண்டா அண்ணா?

உண்டு. சென்னையிலேயே வந்தது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 50 படங்களோடு ஒரு நூலை 1847இல் இங்கே முடித்தார். பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள். அதில் உள்ளூர் ஓவியர்களின் கை இருக்கிறது. கூல்டின் பகட்டு கிடையாது. ஆனால் பறவையைப் பக்கத்தில் பார்த்தவர்களின் படங்கள். எனக்கு இதுதான் உசத்தி.

இலங்கைக்கு லெக் எழுதிய நூல் (1878–80). படங்கள் கியூலெமன்ஸ் என்ற டச்சுக்காரருடையவை. அப்புறம் ஹியூம், மார்ஷல் இருவரும் மனிதர்கள் வேட்டையாடும் பறவைகளைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து மூன்று தொகுதிகள் போட்டார்கள் (1879–81). அதன் படங்கள் ஹியூமுக்கே பிடிக்கவில்லை, தன் நூலிலேயே குறைப்பட்டுக்கொண்டார். காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம்தான். இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதியை வேலைக்காரர் ஒருவர் சிம்லா கடைத்தெருவில் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார்.

வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட மீன்கொத்திப் படம் ஒன்று இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

சட்டத்திலிருந்து எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சு. கதை முடிந்தது. ஒழுங்கில்லாத புள்ளிகளும், ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகி விழுந்த நிறங்களும் தெரிந்தால் வண்ணக் கல்லச்சாக, அதாவது நிறத்துக்கு ஒரு கல் வைத்து அச்சிட்டதாக, இருக்கலாம். அதுவும் விக்டோரியா காலத்துப் பொருள்தான். கையால் பூசியது என்றால் சாம்பல் நிறக் கோட்டின் மேல் வண்ணம் இடைவிடாமல் பரவியிருக்கும், சில இடத்தில் கோட்டைத் தாண்டியும் போயிருக்கும். பறவையின் கண்ணில் மட்டும் பிசின் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, விலை?

உச்சத்தைச் சொல்கிறேன். ஆடுபன் என்ற ஓவியரின் அமெரிக்கப் பறவைகள் நூலின் முழுப் பிரதி 2010இல் லண்டன் ஏலத்தில் 73 லட்சம் பவுண்டுக்குப் போனது. அது 1827–38இல் வந்தது, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது, கல்லச்சு இல்லை. மறுகோடியில் மாரிஸ் பாதிரியாரின் பிரிட்டன் பறவைகள். நிறைய விற்ற நூல் என்பதால் இன்றும் சாதாரண ஆள் வாங்கும் விலையில் தனித் தாள்கள் கிடைக்கின்றன.

தனித் தாள் வாங்கலாமா என்றால், நூலைப் பிரித்துத் தாள் தாளாக விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன். ஏற்கெனவே பிரிந்து போனது என்றால் சரி. பார்த்து ரசிக்க மட்டும் என்றால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இவற்றில் பலவற்றை இலவசமாகவே புரட்டலாம்.

ஈரத்தில் கெடாமல் இருக்க லாமினேட் செய்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். அமிலமில்லாத அட்டை வைத்துச் சட்டம் போட்டு, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு, வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். மழைக்கு நனைகிற வெளிச்சுவர் கூடாது. வெள்ளை இறகு ஏற்கெனவே கறுத்திருந்தால் அழுக்கு என்று துடைக்காதீர்கள். வெள்ளை ஈயம் கலந்த வண்ணம் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்தது அது. காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்தான் அதில் கை வைக்க வேண்டும்.