மலைப்பூண்டு செட்லயே முளைக்குது, கோல்டு ஸ்டோரேஜ்ல போடலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். மன்னவனூர் பக்கம் எங்க தோட்டம். மே கடைசியில பூண்டு எடுத்தோம், 1200 கிலோ இருக்கும். வீட்டை ஒட்டின தகர செட்ல கட்டு கட்டா தொங்க விட்டு, மூட்டம் உள்ள வராம இருக்க சுத்தியும் படுதா கட்டியிருக்கோம். இப்ப ஜூலையில பிரிச்சுப் பாத்தா பல்லுக்குள்ள பச்சை முளை, சிலதுல நீலப்பொடி. விலை இறங்கிக் கிடக்கு, ரெண்டு மாசம் தாங்கினா போதும். கீழ ஒரு கோல்டு ஸ்டோரேஜ்ல கேரட் வச்சிருக்கிற ரூம்ல பாதி இடம் தர்றேங்கிறாங்க. மருந்துக்கடையில மாத்திரை வச்சு மூடுங்கன்னு சொல்றாங்க. எது நல்லது? உதிர்ந்த பல்லை வீட்டுல உரிச்சு நல்லெண்ணெயில போட்டு பாட்டில்ல அடைச்சு டூரிஸ்ட்டுக்கு விக்கிறாங்க, அதுல கொஞ்சம் நட்டம் ஈடாகுது.

பதில்: தம்பி, கோல்டு ஸ்டோரேஜுக்கு அப்புறம் வர்றேன். போற போக்குல கடைசியா ஒரு வரி எழுதினீங்க பாருங்க, அந்த எண்ணெய் பாட்டில், அதுக்குத்தான் முதல் பதில். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, கடையில கொடுத்தது மிச்சம் இருந்தா திருப்பி வாங்கிக் கொட்டிருங்க, வீட்டுல யாரும் ஒரு பல்லு எடுத்து வாயில போட்டு நல்லாத்தானே இருக்குன்னு சொல்ல வேணாம். நல்லாத்தான் இருக்கும், வாசம் மாறாது, நிறம் மாறாது, அதுதான் இதுல வம்பே.

மண்ணுல கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்னு ஒரு கிருமி இருக்கு. அதோட வித்து பூண்டுல மண்ணோட ஒட்டிக்கிட்டு வரும், காத்து படுற இடத்துல ஒண்ணும் பண்ணாது. காத்தே இல்லாத இடம், கொஞ்சம் ஈரம், புளிப்பு இல்லாத சாமான், இந்த மூணும் சேந்தா நஞ்சு உண்டாக்கும். பச்சைப் பூண்டுல ஈரம் இருக்கு, புளிப்பு கிடையாது, மேல எண்ணெய ஊத்தி காத்தையும் அடைச்சுட்டீங்க. எண்ணெயக் காய்ச்சித்தான் ஊத்துறோம்னு சொல்வாங்க, பல்லுக்குள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் உள்ள 100 டிகிரியத் தாண்டாது, அந்த வித்து சாக பிரஷர்ல 121 டிகிரி வேணும். 1985ல கனடாவுல வான்கூவர்ல ஒரு ஹோட்டல்ல சாப்பிட்ட 36 பேருக்கு இப்படித்தான் ஆச்சு, சோயா எண்ணெயில போட்ட பூண்டு, ஃபிரிட்ஜுக்கு வெளியவே வச்சிருந்த பாட்டில். 1989ல நியூயார்க் மாநிலத்துல இன்னும் 3 பேர். அதுக்கப்புறம்தான் அமெரிக்காவுல எண்ணெய்ப் பூண்டு விக்கிறவங்க புளிப்பு சேத்தே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. உங்க பாட்டிலைச் சாப்பிட்ட யாருக்காவது கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுது, இமை இறங்குது, நாக்கு குழறுதுன்னா அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பூண்டு எண்ணெய் சாப்பிட்டதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. உதிர்ந்த பல்லுதான் பிரச்சினைன்னா சீவி, நொறுங்குற அளவுக்குக் காய வச்சு விக்கச் சொல்லுங்க, அதுக்கும் ஆள் வாங்குவாங்க.

கொடைக்கானல் குளிருக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யான்னு நீங்க மனசுக்குள்ள சொல்றது எனக்குக் கேக்குது. அந்தக் குளிர்தான் உங்களை ரெண்டு இடத்துலயும் ஏமாத்துது. 15 டிகிரி உடம்புக்குத்தான் குளிரு, அந்தக் கிருமி மெதுவா வளர அதுவே போதும். பூண்டு முளைக்க அதே 15 டிகிரி தோதான இடம்.

சரி, கோல்டு ஸ்டோரேஜ். பூண்டு ரெண்டு நிலையில தூங்கும். ஒண்ணு, 0 டிகிரி ஒட்டி, காத்துல ஈரம் 60லருந்து 70 சதவீதம், அப்ப ஆறேழு மாசம் அசையாது. இன்னொண்ணு, 20க்கு மேல நல்லா காய்ஞ்ச காத்து, அதுல ரெண்டு மாசம் வரைக்கும் தாராளமா இருக்கும். நடுவுல 5லருந்து 18 வரைக்கும் இருக்கே, அங்க வச்சா எழுப்பி விட்ட மாதிரிதான். உங்க செட் அந்த நடுவுலதான் இருக்கு, நிறைய காய்கறி ரூமும் அங்கதான் ஓடுது. அதுலயும் கேரட்டுக்கு ஈரம் 95 சதவீதத்துக்கு மேல வேணும், அதே ரூம்ல பூண்டை வச்சா முளை போதாதுன்னு அடியில வேரும் கிளம்பும், கேரட் பூராம் பூண்டு நாத்தம் அடிக்கும், வாடகையும் போயி கேரட்காரரோட சண்டையும் வரும். பாதி இடம் சும்மா கிடக்குன்னு தர்றவங்க இதெல்லாம் சொல்ல மாட்டாங்க. பூண்டுக்குன்னே தனி ரூம், 0 டிகிரி, ஈரம் 70 தாண்டாது, மீட்டரை நம்ம கண்ணால பாக்கலாம்னா வைங்க, அதுவும் முளை வராத சாமானை மட்டும். முளை கிளம்பினத இப்பவே வித்துருங்க, சாப்பிட ஒண்ணும் கெடுதல் இல்ல, முளைச்ச உருளைக்கிழங்கு மாதிரி பயப்பட வேணாம். விதைக்கு எடுத்து வச்சதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் 0 டிகிரி ரூமுக்கு அனுப்பாதீங்க, அந்தக் குளிர் பட்ட பல்லை நட்டா பக்க முளை அடிச்சு கோணல் மாணலா விளையும்.

மாத்திரை. அலுமினியம் பாஸ்பைடைத்தான் சொல்றாங்க. அது சட்டப்படி உங்க கையில கொடுக்கவே கூடாத சாமான், அரசாங்க ஆளுங்களும் லைசென்ஸ் வச்ச பூச்சிக் கட்டுப்பாடு ஆளுங்களும் மட்டும்தான் கையாளலாம். ஈரம் பட்டா பாஸ்பீன்னு ஆளைக் கொல்ற விஷ வாயு கிளம்பும், உங்க செட்ல ஈரத்துக்குப் பஞ்சமா? சுவத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க படுத்திருக்கும். இவ்வளவு ஆபத்தான சாமான், நீலப்பொடி பூஞ்சாணம்ங்கிறதால அதுக்கு ஒண்ணும் செய்யாது, முளையையும் நிறுத்தாது. உங்களுக்கு என்ன நோவுன்னு ஒரு பூண்டை உடைச்சுக் கூட பாக்காம மருந்து எடுத்துக் கொடுக்கிறவரு கடைக்காரரு, அவருக்குத் தெரிஞ்சது ஸ்டாக்கும் மார்ஜினும். எடுக்கிறதுக்கு இருபது நாள் முன்னாடி கிழங்கு பெருக்கிற மருந்துன்னு அவரு ஏதாவது கொடுத்து நீங்க அடிச்சீங்களா, கடைசி யூரியா எப்ப, கடைசித் தண்ணி எப்ப, இதை நீங்க எழுதவே இல்ல. கடைசி நேரத்துல தழைச்சத்து ஏறின பூண்டுக்குக் கழுத்து தடிச்சுப் போயி மூடவே மூடாது, அந்த வாசல் வழியாத்தான் பூஞ்சாணம் உள்ள போகுது. பிக்கப் வண்டியிலருந்து பூண்டுக் கட்டை விட்டெறிஞ்சு அடிபடுற இடம் இன்னொரு வாசல்.

இப்ப நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ஐயா, என் பூண்டு காய்ஞ்சிருக்கா? காயலை. நீங்க அனுப்பின போட்டோவுல படுதா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்குது, அது வெளிய இருந்து வந்த மூட்டம் இல்ல, பூண்டு விட்ட மூச்சு. 1200 கிலோ பச்சை சாமான் மூச்சு விடுது, அதைப் போர்த்தி மூடிட்டீங்க, தகரத்துல பட்டு ராத்திரி பூரா அது மேலயே சொட்டுது.

நம்ம பெரியவங்க அடுப்புக்கு மேல பரண்ல கட்டிப் போட்டாங்கல்ல, புகைக்குத்தான்னு எல்லாரும் சொல்றோம். புகையும் பூஞ்சாணத்தையும் சிலந்திப்பேனையும் கொஞ்சம் அடக்கும், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா முக்கால் வேலை சூடு பண்ணினது. 14 டிகிரி மூட்டத்துல காத்துல ஈரம் 100 சதவீதம்னு வைங்க, அதே காத்தை 22க்கு சூடாக்கினா ஈரம் 60க்கு வந்துரும், ஒரு சொட்டு தண்ணியக் கூட வெளிய எடுக்காமலே. கேஸ் அடுப்பு வந்துச்சு, பரண் போச்சு, செட் மட்டும் மிச்சம். அதனால படுதாவை அவுத்துட்டு, செட் மூலையில பழைய டிரம்ல ஒரு அடுப்பு வச்சு புகைக்குழாயைக் கூரைக்கு வெளிய விடுங்க, மூட்டமான நாள்ல ரெண்டு வேளை எரிங்க, ஈரக்காத்து வெளிய போக கூரையை ஒட்டி ரெண்டு பக்கமும் திறப்பு இருக்கணும். காய்ஞ்ச பூண்டுத்தாள் பஞ்சு மாதிரி பத்திக்கும், அடுப்பைச் சுத்தி ஆறடிக்கு ஒரு கட்டும் தொங்கக் கூடாது, எரியிறப்ப ஆள் பக்கத்துல இருக்கணும்.

காஞ்சுச்சான்னு எப்படித் தெரியும்? தாளைக் கசக்கிப் பாத்தேன், சலசலன்னுச்சுன்னு சொல்லாதீங்க, நானும் ஒரு வருசம் அப்படித்தான் சலசலப்பை நம்பி விதைப்பூண்டு பூராத்தையும் மூட்டை கட்டி, பங்குனியில பிரிச்சப்ப பாதி நீலமா கொட்டுச்சு. அதுலருந்து தராசு ஒண்ணைத்தான் நம்புறேன். கொக்கித் தராசு ஒண்ணு வாங்குங்க, மருந்துக்குக் கொடுக்கிற காசை விடக் கம்மிதான். கிட்டத்தட்ட 10 கிலோ வர்ற மாதிரி ஒரு கட்டு, சிவப்புத் துணி கட்டி செட் நடுவுல தொங்க விடுங்க, ஓரத்துல வேணாம், ஓரம் சீக்கிரம் காயும். மூணு நாளுக்கு ஒரு தடவை, அதே நேரத்துல, காலைப் பனி விட்டப்புறம் எடை போட்டு சுவத்துல சாக்பீஸ்ல எழுதுங்க. முதல்ல சடசடன்னு இறங்கும். ரெண்டு தடவை சேந்தாப்புல 50 கிராமுக்குள்ள நின்னா காஞ்சாச்சு. எடை ஏறுச்சுன்னா பதறாதீங்க, தோலு மூட்டத்தைக் குடிச்சிருக்கு, அன்னைக்கு அடுப்பைப் பத்த வைங்க. நின்ன எடை ஒரு மாசம் கழிச்சு திடீர்னு மறுபடி இறங்க ஆரம்பிச்சா உள்ள முளையோ அழுகலோ நடக்குது, அப்ப விலை பாக்காம வண்டியக் கூப்பிடுங்க. வடுகபட்டி பூண்டுச் சந்தை வியாபாரி தராசைத் தூக்கித்தான் உங்க பூண்டுக்குக் கணக்குப் போடுறாரு, நாம மட்டும் மோந்து பாத்துக் கணக்குப் போட்டா எப்படி?

நாளைக்கு வேலை இவ்வளவுதான்: கட்டு எல்லாத்தையும் இறக்கி, கட்டை விரலால அமுக்கிப் பாத்து, மெத்துன்னு இருக்கிறதையும் நீலம் இருக்கிறதையும் செட்டுக்கு வெளிய வச்சுப் பிரிங்க, உள்ள வச்சு உதறினா அந்தப் பொடி மத்ததுல போயி உக்காரும். மிச்சத்தை ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் நடுவுல கை நுழையிற மாதிரி இடம் விட்டுக் கட்டுங்க. சிவப்புத்துணிக் கட்டோட முதல் எடையையும், மூணு நாள் கழிச்சு வர்ற எடையையும் எனக்கு எழுதி அனுப்புங்க, ரெண்டு மாசம் தாங்குமான்னு அதை வச்சுச் சொல்றேன்.