பழைய ஷாம்பெயின்: வருடத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் மூத்த மகள் 2008-இல் பிறந்தவள். அவளுடைய 18-ஆவது பிறந்தநாளுக்கு அதே வருடத்து ஷாம்பெயின் ஒரு போத்தல் திறக்க வேண்டும் என்று ஆசை. இங்கே கடையில் சொல்லும் விலையில் பாதிக்கு, அதே போத்தல் இணைய ஏலத்தில் கிடைக்கிறது. எதை வாங்குவது?
– பாரிஸ் வாசகர்

பதில்: மகளுக்கு வாழ்த்துகள். வருடம் உங்களுக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. 2008-இல் ஷாம்பெயின் வட்டாரத்தில் கோடை குளிராகவே கழிந்தது. செப்டம்பரில்தான் நல்ல வெயில் அடித்தது. அதனால் திராட்சை புளிப்பு குறையாமல் பழுத்தது. ஒயினை வருடக்கணக்கில் தாங்கிப் பிடிப்பது அந்தப் புளிப்புதான். தோம் பெரிஞோன், லூயி ரோடரர் நிறுவனத்தின் கிறிஸ்டல் என்ற இரண்டு பெரிய பெயர் ஷாம்பெயின்களுமே 2009-ஐ முதலில் விற்பனைக்கு விட்டு, இன்னும் முதிர வேண்டியிருந்த 2008-ஐ அதற்குப் பிறகுதான் வெளியே எடுத்தன.

ஆனால் வருடம் மட்டும் போதாது. பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் இன்னொரு தேதி இருக்கிறதா என்று பாருங்கள்: தெகோர்ஜ்மான் தேதி. ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து வண்டலாகத் தங்கும். வண்டலோடு கிடக்கும்வரை ஒயினுக்கு மெதுவாகத்தான் வயதாகும். வாட்டிய ரொட்டி, பன் வாசனையெல்லாம் அந்த ஈஸ்ட் சிதைவதால் வருவது. பிறகு பாட்டில் கழுத்தை உறைய வைத்து வண்டலை வெளியேற்றி, கொஞ்சம் ஒயினும் பெரும்பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தக்கை அடிக்கிறார்கள். அதுதான் தெகோர்ஜ்மான். அன்றிலிருந்து தக்கை வழியே காற்று மிக மெதுவாக உள்ளே போக, வேறு விதமான முதிர்ச்சி தொடங்குகிறது: தேன், வாதுமை, உலர்ந்த அத்தி, காபி. அதே 2008 ஒயின், 2017-இல் தக்கை அடித்ததும் 2023-இல் தக்கை அடித்ததும் வாயில் ஒன்றாக இருக்காது. எல்லா நிறுவனங்களும் இந்தத் தேதியை அச்சிடுவதில்லை. லேபிளில் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். நல்ல கடைக்காரர் விசாரித்துச் சொல்வார்.

சரி, ஏலத்தில் ஏன் பாதி விலை? பெரும்பாலும், அந்த பாட்டில் இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால்தான். ஷாம்பெயின் வட்டாரத்து ரான்ஸ் நகரத்தின் சுண்ணாம்புப் பாறை நிலவறைகளில் வருடம் முழுக்க 10 முதல் 12 டிகிரிதான். ஒரு வீட்டு வரவேற்பறை அலமாரியில் பத்துக் கோடை கண்ட பாட்டில் அதற்கு ஈடாகாது. ஏலத்தில்தான் எடுப்பேன் என்றால், யாரிடம், எங்கே, எப்போதிலிருந்து இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுத்த படம் கேளுங்கள். ஒயின் மட்டம் கழுத்திலிருந்து இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். கிறிஸ்டல் மாதிரி நிறமில்லாத பாட்டிலில் வருவது வெளிச்சம் பட்டாலே கெடும். அதற்காகத்தான் அதை மஞ்சள் தாளில் சுற்றி விற்கிறார்கள். தாள் இல்லாமல் காட்சிக்கு நின்ற பாட்டிலை நான் வாங்கமாட்டேன்.

பணக் கணக்கையும் முழுதாகப் போடுங்கள். ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. 20 சதவீதம், அதற்கும் மேல் என்று போகும். அப்புறம் அனுப்பும் செலவு. தொழில்முறை விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பித் தர ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது, பிரிக்காத பாட்டில் என்றால். நேரில் போயும் கலந்துகொள்ள முடிகிற பொது ஏலத்துக்கு அந்த உரிமை கிடையாது.

ஒரே ஒரு பாட்டில், அதுவும் குறித்த நாளில் திறக்க வேண்டியது. கடைக்கே போங்கள். பெரிய பெயர்தான் வேண்டும் என்றில்லை. 2008-இல் சிறிய தயாரிப்பாளர்களும் அருமையாகச் செய்திருக்கிறார்கள். விருந்தினர் அதிகம் என்றால் மேக்னம் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் ஒயினுக்கு உள்ளே போகும் காற்று ஏறக்குறைய சாதாரண பாட்டில் அளவுதான், அதனால் இன்னும் இளமையாக இருக்கும்.

கேள்வி: 1996 ஷாம்பெயின் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். திறந்தபோது சத்தமே வரவில்லை. நுரை கொஞ்சம்தான். நிறம் அடர்ந்த தங்கம், காளான் வாசனை வேறு. “பழையது அப்படித்தான் இருக்கும்” என்கிறார் கடைக்காரர். நான் ஏமாந்துவிட்டேனா?
– லண்டன் வாசகர்

பதில்: நீங்கள் சொன்ன அடையாளங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், இல்லை. புது ஷாம்பெயின் பாட்டிலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும். தக்கை வழியாக அது வருடா வருடம் கசியும். இத்தனை வருடம் கழித்து நாக்கில் லேசாகக் குறுகுறுத்தாலே போதும். காளான், அக்ரூட், தேன் மெழுகு இவையெல்லாம் முதிர்ந்ததன் வாசனைகள், இதற்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு. பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் குற்றமுமல்ல, கடையின் குற்றமுமல்ல. அடுத்த முறை 10, 12 வருடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்டதற்கான அடையாளங்கள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் தக்கைக் கோளாறு. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது: கிளாஸில் ஊற்றி கால் மணி நேரம் விடுங்கள். நெடுநாள் அடைபட்டிருந்ததால் வரும் வாடை பெரும்பாலும் கலைந்துவிடும். தக்கை நாற்றம் கலையாது, பல நேரம் கூடத்தான் செய்யும். வினிகர் நெடி, கலங்கிய பழுப்பு நிறம், பழமோ புளிப்போ இல்லாமல் சப்பென்ற வாய், இவை இருந்தால் பாட்டில் செத்துவிட்டது.

தக்கையைத் தூக்கி எறியவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். சமீபத்தில் அடித்த தக்கையின் அடிப்பகுதி, வெளியே வந்ததும் பாவாடை போல விரியும். 20 வருடம் கழுத்தில் இறுகிக் கிடந்தது விரியாது; முளைக்குச்சி மாதிரி ஒல்லியாகவே நிற்கும். “போன வருடம்தான் தெகோர்ஜ்மான் செய்தது” என்று விற்ற பாட்டிலில் ஒல்லித் தக்கை வந்தால், கடைக்காரரிடம் கேள்வி கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. தக்கையையும் மீதி ஒயினையும் மூடி எடுத்துக்கொண்டு உடனே போங்கள். காலி பாட்டிலோடு போனால் வாதம் எடுபடாது.

இன்னொன்று. ஒல்லியான ஃப்ளூட் கிளாஸில், ஐஸ் வாளியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிக் குடித்திருந்தால் இந்த ஒயினின் பாதி உங்களுக்குக் கிடைத்திருக்காது. வயிறு அகன்ற வெள்ளை ஒயின் கிளாஸ், 10 முதல் 12 டிகிரி. முதல் வாய்க்கும் அரை மணி கழித்துக் குடிக்கும் வாய்க்கும் இருக்கும் வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு விலை.

கேள்வி: கடலுக்கடியில் 170 வருடம் கிடந்த ஷாம்பெயினே நன்றாக இருந்தது என்று படித்தேன். கல்யாணத்துக்கு வந்த ஒரு பாட்டில் 12 வருடமாக வீட்டு அலமாரியில் இருக்கிறது. இன்னும் வைக்கலாமா?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம், இந்த வாரமே திறந்துவிடுங்கள். 2010-இல் பால்டிக் கடலில் பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடைத்த 168 பாட்டில்களைத்தான் சொல்கிறீர்கள். வெவ் கிளிக்கோ என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் பாட்டில்களும் அதில் இருந்தன. அங்கே இருட்டு, கடுங்குளிர். ஒயினிலும் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை; இன்றைய ப்ரூட் என்ற இனிப்பு குறைந்த வகையில் 12 கிராமைத் தாண்டாது. அப்படியும் முதல் மோப்பத்தில் ஈர முடி, சீஸ் வாடைதான் அடித்ததாகச் சுவைத்தவர்கள் எழுதினார்கள். கிளாஸைச் சுழற்றிய பிறகுதான் புகையும் தோலும் மசாலாவுமாக மணம் வந்ததாம்.

உங்கள் லேபிளில் வருடம் போட்டிருக்கிறதா? இல்லையென்றால் அது பல வருட ஒயின்களைக் கலந்து, சட்டப்படி குறைந்தது 15 மாதம் வைத்து, உடனே குடிப்பதற்காக விற்றது. சிங்கப்பூர் வெக்கையில் 12 வருடம் அதற்கு அதிகம். நன்றாகக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். சப்பென்றிருந்தால் கோழிக் குழம்பிலோ மீன் சாஸிலோ ஊற்றலாம். கெட்ட நாற்றம் என்றால் சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.