அப்பாவான பிறகு உங்கள் இறைநம்பிக்கை கூடியதா, குறைந்ததா?

அளந்து சொல்லத் தெரியவில்லை. தொழுகைக்குச் செலவிடும் நேரம் குறைந்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இப்போது சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு செருப்பைத் தேடுகிறேன். வீட்டில் இரண்டு மாதத்து ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவள் உம்மா ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டுமென்றால் யாராவது அவளைத் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

எங்களுக்குத் திருநெல்வேலி மேலப்பாளையம். பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கும் (தொழுகைக்கான அழைப்பு) இடது காதில் இகாமத்தும் (தொழுகை தொடங்கும்போது சொல்வது) சொல்வது வழக்கம். வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார், இல்லையென்றால் மார்க்கம் படித்த ஆலிம்சா. இந்தத் தடவை "நீயே சொல்லு வாப்பா" என்று என் உம்மா என்னைத் தள்ளிவிட்டார்கள். "எடை போடணும் சார், சட்டுனு சொல்லிருங்க" என்று நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறார். பாங்கு பாதியில் இருக்கும்போது பிள்ளை தும்மியது. அவளுக்குப் பதிலாக உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" சொல்ல, "எங்க வீட்ல நூறுன்னு சொல்லுவோம்" என்று நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது.

நான் பிறந்தபோது என் வாப்பா ரியாத்தில். என் காதில் பாங்கு சொன்னது உம்மாவைப் பெற்றவர். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். 90-களில் சவூதிக்குப் போனவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்தால் பெரிய விஷயம். பிள்ளை பிறந்த சேதி தந்தியில் போகும், போட்டோ கடிதத்தில் போகும். அழுகையைக் கேசட்டில் பதிந்து, அந்தப் பக்கம் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வாப்பா என்னை முதன்முதலில் பார்க்கும்போது நான் ஓடிக்கொண்டிருந்தேனாம். அவரைக் கண்டதும் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேனாம்.

அதனால் பேரப்பிள்ளை கண்ட இந்த வயதில் வாப்பாவுக்குப் பச்சைப் பிள்ளையைத் தூக்கத் தெரியாது. "கழுத்து நின்னுட்டா?" என்று தினமும் கேட்பார். இன்னும் நிற்கவில்லை என்றால் இரண்டடி பின்னால் போய்விடுவார். ஒரு நாள் அவரைச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, தலைக்கு அடியில் கையை எப்படிக் கொடுப்பது என்று நானும் என் மனைவியும் சொல்லிக்கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் அப்படியே இருந்தார். கை எட்டும் தூரத்தில் டீ ஆறி ஆடை படிந்தது, எடுக்கவில்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதையும் ஏற்றவில்லை. அரபு நாட்டில் அத்தனை வருடம் சம்பாதித்தவருக்கு இது கிடைக்கவில்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. நம்பிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். இறைவனுக்கு நன்றி, ஷுக்ர் என்று நான் ஆயிரம் தடவை வாயால் சொல்லியிருப்பேன். அன்று சொல்லாமலே வந்தது.

இன்னொன்று. நபி (ஸல்) தம் மகள் ஜைனபின் பிள்ளை உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுதார்கள், நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டார்கள் என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் வருகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ பிரசங்கத்தில் பலமுறை கேட்டதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழுதால் தொழுகை செல்லுமா என்ற சட்டப் பேச்சுக்கு ஆதாரமாக எடுத்துப் போடுவார்கள், அத்தோடு முடிந்துவிடும். இப்போது அதை நினைத்தால் முதுகும் முழங்காலும்தான் ஞாபகம் வருகின்றன. தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும், அதாவது ரக்அத்திலும், இறக்க வேண்டும், தூக்க வேண்டும். பிள்ளையின் அழுகுரல் கேட்டால், தாய்க்குச் சிரமமாகுமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்றும் ஹதீஸ் இருக்கிறது. இதையெல்லாம் மிம்பர் மேடையில் நின்று சொல்கிற ஊரில்தான், சின்னப் பிள்ளை சத்தம் போட்டால் "யார் பிள்ளைவே இது?" என்று கடைசி வரிசைக்கு விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்ததற்காக ஆடு அறுக்கும் அகீகாவை ஏழாம் நாளே முடித்தோம். பெண் பிள்ளைக்கு ஓர் ஆடு. "ஒண்ணோட போச்சு, செலவு மிச்சம்" என்று சொந்தக்காரர் ஒருவர் ஜோக் அடித்தார். நான் சிரிக்கவில்லை. வசதி இருப்பவர் அறுத்துக் கறியைப் பங்கு வைக்கிற காரியம் இது. மண்டபம், ஃப்ளெக்ஸ், கடன் என்று கல்யாணம் மாதிரி ஆகிவருவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது முடி எடை போட்டதுதான். இறக்கிய முடியைக் காகிதத்தில் மடித்து நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டுத் தராசில் வைத்தார். ஒரு கிராம்கூட வரவில்லை. அந்த எடைக்கு வெள்ளியின் விலையைத் தர்மம் செய்ய வேண்டும். நபியின் மகள் ஃபாத்திமா நாயகி தம் மகன் ஹஸனின் முடியை எடை போட்டபோது ஒரு திர்ஹமோ அதற்கும் குறைவாகவோ இருந்ததாக திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. திர்ஹம் என்கிற அந்தக் கால வெள்ளிக் காசு ஏறக்குறைய மூன்று கிராம். அந்தப் பிள்ளைக்கு நல்ல முடி போல.

வழக்கங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். நாக்கில் தேன் தொட்டுவைக்கப் பெரியம்மா ஆசைப்பட்டார்கள். ஒரு வயது வரை தேன் கூடாது, அதிலிருக்கும் கிருமி பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

லீவு விஷயம்: மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் உண்டு. என்னைப் போலத் தனியாரில் இருப்பவர்களுக்குச் சட்டமே கிடையாது. இருந்த லீவையெல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டேன். இப்போது ராத்திரி ஷிஃப்ட் வீட்டில், பகல் ஷிஃப்ட் ஆபீசில். விடியற்காலை ஃபஜ்ர் பாங்கில் "தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது" என்று ஒரு வரி வரும். பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருக்கிற எனக்குத் தூக்கம் எங்கே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க?

துஆ, அதாவது நான் கேட்கும் பிரார்த்தனை, மாறியிருக்கிறது. விசா, பிரமோஷன், பிளாட் என்று முன்பு நீளமாகப் பட்டியல் போடுவேன். ஆறாவது வார ஊசி போட்ட அன்று ராத்திரி பிள்ளைக்கு உடம்பு சுட்டது, தொடை கல்லாக வீங்கியது. ஐந்து நோய்களுக்கான பென்டா தடுப்பூசிக்கு இது வழக்கம்தான் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் அன்று கேட்டது ஒரே ஒரு விஷயம், காய்ச்சல் இறங்க வேண்டும். துஆவும் கேட்டேன், எடைக்குத் தக்கபடி எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சொட்டும் கொடுத்தேன். விடியுமுன் இறங்கிவிட்டது. இறக்கியது எது என்று கேட்டால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்ததுதான் என்பது உம்மாவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

பத்தாவது வார ஊசி வரும் புதன்கிழமை. வாப்பாவும் கூட வருகிறார். ஊசி போடும்போது அவர் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பார், அதை இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.