கைடின் எச்-இன்டெக்ஸ் 9 தான், ரோபோட்டிக்ஸ் பிஎச்.டி.க்குச் சேரலாமா?

சேரலாம். அந்த 9 எதனால் வந்தது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

புதுச்சேரியில் ரோபோட்டிக்ஸ் பிஎச்.டி. சேரப் போகிறீர்கள், கைடின் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தைப் பார்த்துத் தயங்குகிறீர்கள். வேதியியல் துறையில் யாருக்கோ 35 என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். துறை விட்டுத் துறை ஒப்பிடுவதே தப்பு. எச்-இன்டெக்ஸ் என்பது 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. 9 என்றால், குறைந்தது ஒன்பது முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒன்பது இருக்கின்றன, அவ்வளவுதான். யார் எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்பது அதில் தெரியாது.

எனக்கு ஊர் பண்ருட்டிப் பக்கம். என் ஆராய்ச்சி, முந்திரிக் கொட்டையை எடுத்து, ஓட்டைப் பிளக்கும் கத்திக்குக் கொடுக்கும் ரோபோ கை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உடைக்க உட்காருவார்கள். ஒரு கொட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பருப்பு இரண்டாகிவிடும், முழுப் பருப்பின் விலை உடைசலுக்குக் கிடைக்காது. கொட்டை எந்தப் பக்கம் வளைந்து கிடக்கிறது என்று கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும், கை அதற்கேற்பத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கொட்டையைப் பிடிக்கும் கிரிப்பரின் ரப்பரில் எண்ணெய் ஏறிவிட்டால் வழுக்கும், மறுபடி முதலிலிருந்து. இவ்வளவும் சேர்ந்துதான் ஒரே ஒரு கட்டுரை.

அந்தக் கட்டுரையோடு ஒரு கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். குழுவில் ஒருவர் போனில் என் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து, "மேற்கோள் ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார். ரோபோ என்ன செய்கிறது என்று யாருமே கேட்கவில்லை. வீடியோ கொண்டுபோயிருந்தேன், போட்டுக் காட்டவும் விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்புறம் வியட்நாமிலிருந்து ஒரு மாணவர் மெயில் அனுப்பினார். அங்கே முந்திரி பெரிய தொழில். என் கொட்டைப் படங்களைக் கேட்டு வாங்கித் தன் கேமராவைச் சோதித்து, அதைக் கட்டுரையிலும் எழுதினார். கணக்கில் அது ஒரே ஒரு மேற்கோள். எனக்கு அது போதும்.

நம்பர் குறைவாக இருப்பவர்கள் இப்படித்தான் சமாதானம் சொல்வார்கள் என்று சிலர் கமென்ட் போடுவீர்கள். சரி, என்னை விடுங்கள். ரோபோ வழி கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஆர்ஆர்டி முறையை ஸ்டீவன் லவால் என்ற ஆராய்ச்சியாளர் 1998ல் வெளியிட்டது ஜர்னலில் அல்ல, ஒரு தொழில்நுட்ப அறிக்கையாகத்தான். ரோபோக்களை இயக்க நம் மாணவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் ராஸ் மென்பொருளை அறிமுகம் செய்த 2009 கட்டுரை, இக்ரா என்ற பெரிய ரோபோட்டிக்ஸ் மாநாட்டோடு நடந்த ஒரு பட்டறையில் வந்தது. ஆயிரக்கணக்கான மேற்கோள் வாங்கியும் எச்-இன்டெக்ஸில் அது ஒரு கட்டுரைதான். எங்கள் கல்லூரிப் பதவி உயர்வுப் படிவத்திலோ ஜர்னல் கட்டுரைக்கு மட்டும்தான் மதிப்பெண். ரோபோட்டிக்ஸில் நல்ல ஆராய்ச்சி பாதி இக்ரா, ஐராஸ் மாநாடுகளில்தான் முதலில் வருகிறது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல், மே வந்தால் கல்லூரி ஆசிரியர்களான எங்களை அட்மிஷன் பிடிக்க நெய்வேலி, விருத்தாசலம் என்று ஊர் ஊராக அனுப்புகிறார்கள். வெயிலில் பிளஸ் டூ பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆள் சேர்க்காவிட்டால் சம்பளத்தில் கைவைப்பார்கள். லேபில் இருக்க வேண்டிய இரண்டு மாதம் இப்படிப் போகிறது. ஜூன் மாதம் அதே நிர்வாகம் மீட்டிங் போட்டு, ஏன் பேப்பர் வரவில்லை என்று கேட்கிறது. இது அநியாயம், இதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கைடின் பக்கத்தில் அதிக மேற்கோள் வாங்கிய மூன்று கட்டுரைகளைத் திறந்து, மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பாருங்கள். அவரும் அவர் மாணவர்களுமே மாற்றி மாற்றிக் காட்டியிருந்தால் யோசியுங்கள். வெளியாட்கள் அவர் முறையை எடுத்து ஓட்டிப் பார்த்திருந்தால் 9 நல்ல 9. பிறகு லேபுக்கு நேரில் போய், ரோபோவை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவரிடம் முடித்த மாணவர் ஒருவரின் நம்பரை வாங்கி, முதல் கட்டுரை வர எவ்வளவு காலம் ஆனது, ஸ்டைபண்ட் (உதவித்தொகை) மாதாமாதம் வந்ததா என்று கேளுங்கள்.