மணி நகை செய்வோரின் ஏமாற்றங்கள்: கேள்வி பதில்

வீட்டிலேயே மணி நகை செய்வோர் அனுப்பிய கேள்விகளில், முடித்த பிறகு நிறைவளிக்காத வேலைகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளின் மணிக்கட்டுச் சுற்றளவு 15 செ.மீ. 4 மி.மீ. மணிகளை 17 செ.மீ. நீளத்துக்குக் கோத்த பிரேஸ்லெட் அளவாக இருந்தது. அதே நீளத்துக்கு 10 மி.மீ. அகேட் மணிகளைக் கோத்தால் கையை இறுக்குகிறது. ஏன்?

பதில்: நீங்கள் அளந்தது நூலின் நீளத்தை, கையைத் தொடுவதோ மணிகளின் உட்புறம். நூல் மணியின் நடுவே செல்வதால், சரத்தை வட்டமாக வளைக்கும்போது உட்சுற்றளவு, மணியின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் வரும் அளவுக்குக் குறைந்துவிடும். 4 மி.மீ. மணியில் இந்த இழப்பு ஏறக்குறைய 1.25 செ.மீ. என்பதால் 15.75 செ.மீ. மிஞ்சியது. 10 மி.மீ. மணியில் 3.1 செ.மீ. போய்விடுவதால் 13.9 செ.மீ.தான் மிஞ்சும். இன்னும் இரண்டு மணிகளைச் சேர்த்து 19 செ.மீ. ஆக்குங்கள், சரியாகிவிடும். எலாஸ்டிக்தானே, இழுபடும் என்று அப்படியே அணிவித்தால், நூல் எந்நேரமும் விறைத்து நின்று சீக்கிரம் அறுந்துபோகும். மணிகளுக்கிடையே நூலும் வெளியே தெரியும்.

கேள்வி: வணக்கம் அக்கா. எலாஸ்டிக்கில் கோத்துத் தோழிக்குக் கொடுத்த கல் மணி பிரேஸ்லெட் சில வாரங்களிலேயே அறுந்துவிட்டது. முடிச்சில் உடனடிப் பசையும் வைத்திருந்தேன். நூலின் தரம்தான் காரணமா?

பதில்: நூலைக் குறை சொல்வதற்கு முன், அறுந்த துண்டைத் தோழியிடமிருந்து வாங்கிப் பாருங்கள். பெரும்பாலோர் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது நூலில் பழைய பிழையையே மறுபடியும் கோக்கிறார்கள். முடிச்சை ஒட்டிய இடத்தில் அறுந்திருந்தால் பசையைச் சந்தேகியுங்கள். உடனடிப் பசை காய்ந்ததும் கண்ணாடி போல விறைத்துவிடும். அதற்குப் பக்கத்தில் நூல் இழுபடும்போது அந்த ஓரத்திலேயே வெட்டுப்படும். காய்ந்த பிறகும் வளையும் தன்மையுள்ள நகைப் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். முடிச்சு அவிழ்ந்திருந்தால், கோப்பதற்கு முன் நூலைப் பல முறை நன்றாக இழுத்துவிடவில்லை என்று கொள்ளலாம். இழுக்காத நூல் அணிந்த பிறகு தளர்ந்து முடிச்சையும் தளர்த்திவிடும். நூலை இரண்டு முறை சுற்றிப் போடும் முடிச்சு இதற்கு ஏற்றது.

நடுவில் அறுந்து, அந்த முனை பிசிறடித்திருந்தால் குற்றவாளி மணியேதான். கல் மணிகளைப் பெரும்பாலும் இரு புறமிருந்தும் துளையிடுவார்கள். இரண்டு துளைகளும் நடுவில் சற்று விலகிச் சந்தித்தால், உள்ளே கூரான ஒரு விளிம்பு நின்றுவிடும். ஒவ்வொரு மணியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியே பாருங்கள். ஊசியை உள்ளே விட்டால் அது தட்டுப்படும் இடமும் விரலுக்குத் தெரியும். அத்தகைய மணியைத் தண்ணீர் விட்டு மெல்லிய வைர அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம், அல்லது ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: கியர் வயரில் (மணி கோக்கும் மெல்லிய உலோகக் கம்பி) கோத்த மாலை கழுத்தில் படியாமல் கம்பி போல நிற்கிறது.

பதில்: மணிகளை இறுக நெருக்கி கியர் லாக்கை, அதாவது கம்பியின் முனையைப் பிடித்து நிறுத்த நசுக்கும் சிறு உலோக மணியை, அழுத்தியிருக்கிறீர்கள். மேசையில் நேராகக் கிடக்கும் சரம் கழுத்தில் வளைய வேண்டுமானால் மணிகள் நகர இடம் வேண்டும். கடைசி லாக்கை அழுத்துவதற்கு முன் மாலையை வட்டமாக வளைத்துப் பிடித்து, 2 அல்லது 3 மி.மீ. தளர்வு விடுங்கள். அழுத்திய லாக்கைத் திறந்து மறுபடியும் பயன்படுத்த முடியாது. வெட்டிவிட்டுப் புதிதாகத்தான் கோக்க வேண்டும்.

கேள்வி: சிறு பாசிமணிகளால் பெயோட்டி பின்னலில் (ஊசி நூலால் மணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்துப் பின்னும் முறை) செய்த பட்டை ஓரங்களில் அலை அலையாக நெளிகிறது. அதில் சேர்த்த குழல் மணிகள் நூலையும் அறுக்கின்றன.

பதில்: இரண்டுக்கும் மூலம் மணி உருவாகும் விதத்தில் இருக்கிறது. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்குவதே பாசிமணி செய்யும் முறை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் பண்டைக் காலத்தில் செய்த கண்ணாடி மணிகளும் இழுத்த குழலிலிருந்து பிறந்தவையே. நறுக்கும்போது நீளம் கூடலாம், குறையலாம். ஆகவே ஒரே பொட்டலத்தில் தடித்ததும் மெலிந்ததும் கலந்திருக்கும். கோக்கும் மாலையில் இது அழகு, பின்னலிலோ கேடு. ஜப்பானிய உருளை மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும்; விலை கூடுதல். மற்ற மணிகளானால் பின்னுவதற்கு முன் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். இந்த வேலை சலிப்பூட்டும்தான், ஆனால் முடித்த பட்டையைப் பிரிப்பதை விடக் குறைந்த சலிப்பு. மணியின் அளவைக் குறிக்கும் எண் கூடக் கூட மணி சிறுக்கும் என்பதையும் கவனியுங்கள்: 11 ஆம் எண் சுமார் 2 மி.மீ., 15 ஆம் எண் சுமார் 1.5 மி.மீ.

குழல் மணிகளின் வெட்டு முனை பெரும்பாலும் கூராகவே இருக்கும். ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு பாசிமணியைச் சேர்த்தால் நூல் அந்த விளிம்பில் மடங்காது.

கேள்வி: பத்து வரிசை பின்னிய பிறகுதான் ஒரு மணி கூடுதலாக விழுந்தது தெரிகிறது. முழுவதும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்த மணியை மட்டும் உடைக்கலாம். குறடால் நசுக்கினால் சில்லுகள் உள்நோக்கிப் பாய்ந்து நூலை அறுத்துவிடும். அதற்குப் பதிலாகத் தடித்த ஊசியின் முனையை மணியின் துளைக்குள் மெல்ல அழுத்துங்கள்; மணி உள்ளிருந்து வெளியே வெடித்து விழும். கண்ணாடி அணிந்துகொண்டு, மேலே துணி போர்த்திச் செய்யுங்கள். குறைந்துபோன மணிக்கு மட்டும் இந்த வழி உதவாது.

கேள்வி: பொன்னிற மணிகள் இரண்டே முறை அணிந்ததில் வெளுத்துவிட்டன. வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வாங்கும்போது கடினம், கோக்கும் முன் எளிது. சில மணிகளை நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் ஊறவையுங்கள். சிலவற்றை வெயில் படும் சன்னலில் இரண்டு வாரம் விட்டுவையுங்கள். பிறகு பொட்டலத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால், மேற்பூச்சு நிற்குமா என்பது தெரிந்துவிடும். முத்துக்களை மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள்.

கேள்வி: தனித்தனியே அழகாக இருந்த நிறங்கள் சேர்ந்ததும் மங்கிவிட்டன. பிரித்துவிடலாமா, குறைந்த விலைக்கு விற்கலாமா?

பதில்: ஒளி ஊடுருவும் மணிகள் பொட்டலத்தில் குவியலாக இருக்கும்போது அடர்ந்து தெரியும். ஒற்றை வரிசையாகக் கோத்ததும் நூலின் நிறமும் தோலின் நிறமும் ஊடே தெரிந்து வெளுத்துவிடும். அடுத்த முறை நூலின் நிறத்தையும் சேர்த்து முடிவு செய்து, இரண்டு அங்குலம் மட்டும் கோத்துக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். இந்த மாலை உறுதியாக இருந்தால் தாராளமாக விற்கலாம். உங்களுக்கு மங்கலாகப் படுவது வேறொருவரின் புடவைக்குப் பொருந்தலாம். நூலோ கொக்கியோ பலவீனமாக உள்ள நகையை மட்டும் பாதி விலைக்கும் கொடுக்காதீர்கள். மணிகளைப் பிரித்து எடுத்து வையுங்கள்.