கேளுங்க, சொல்றோம்: இன்டர்வியூ ஸ்பெஷல்

கேள்வி: சார், பி.காம் முடிச்சிட்டு அம்பத்தூர் பக்கம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு அலையறேன். மாமாவோட ஹார்டுவேர் கடைக்கு டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல பில் போட்டுக் குடுக்கறதைத் தவிர எக்ஸ்பீரியன்ஸ்னு ஒண்ணும் இல்ல. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னு கேட்டாலே மனப்பாடம் பண்ணதெல்லாம் மறந்துடுது, இங்கிலீஷும் தடுமாறுது.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஒண்ணும் இல்லன்னு எழுதுனீங்களே, அந்த ஹார்டுவேர் கடைதாம்மா உங்க பதிலே! பேரு, அப்பா என்ன பண்றாரு, சொந்த ஊரு, ஹாபி இதெல்லாம் ரெஸ்யூம்லயே இருக்கு, அதையே ஒப்பிச்சா எதிர்ல இருக்கறவரு தலையை ஆட்டிக்கிட்டே அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு. கடையில என்னென்ன பில் போட்டீங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கணக்கும் ஒத்து வரலன்னா எங்க போய் தேடுவீங்க, இதை முதல்ல வீட்ல யார்கிட்டயாவது தமிழ்ல சத்தமா சொல்லிப் பாருங்க, அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமா இங்கிலீஷ்ல.

அவங்க கேக்கப்போறதும் பெரும்பாலும் இதைச் சுத்தித்தான். பெங்களூர் பார்ட்டிக்கு சரக்கு வித்தா வேற மாநிலம், அதனால ஐஜிஎஸ்டி; காஞ்சிபுரம் பார்ட்டின்னா நம்ம மாநிலமே, அதனால மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டின்னு பாதிப்பாதி. மாசா மாசம் ஃபைல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (வித்த பில்லுங்களோட விவரம்) அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள, 3பி (வரிக் கணக்கோட சுருக்கம்) 20ஆம் தேதிக்குள்ள, நடுவுல 14ஆம் தேதி வர்ற 2பி-யை (சப்ளையருங்க ஏத்தின பில்லுங்களோட லிஸ்ட்) பாத்து சப்ளையர் நம்ம பில்லை ஏத்தியிருக்காரான்னு செக் பண்ணணும், ஏத்தலன்னா இன்புட் கிரெடிட் (வாங்கறப்போ கட்டின வரியைக் கழிச்சுக்கறது) எடுக்க முடியாது. இதை மட்டும் கடை உதாரணத்தோட சொல்லுங்க, கிராமர் தப்பை யாரும் எண்ணிட்டு இருக்க மாட்டாங்க. நடுவுல வார்த்தை வரலன்னா "தமிழ்ல சொல்லலாமா சார்"னு கேட்டுடுங்க, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிங்கள்ல பாதிப் பேச்சு தமிழ்லதான் ஓடுது. (கால் சென்டர் வேலைக்கு இது ஆகாது, அது வேற கதை.) தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லிடுங்க.

கேள்வி: சோழிங்கநல்லூர்ல காலைல 10 மணிக்கு இன்டர்வியூ. திருவொற்றியூர்ல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: 7 மணிக்கு. மெட்ரோ வேலை நடக்கற ஓஎம்ஆரை நம்பாதீங்க, திருவான்மியூர் வரைக்கும் ரயில்ல வந்துட்டு அங்கருந்து பஸ் பிடிங்க. லேட்டா போய் "டிராஃபிக் சார்"னு சொன்னா எடுபடாது, கேக்கறவரும் அதே ரோட்டுலதான் வந்திருப்பாரு.

கேள்வி: மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. எக்ஸ்பெக்டட் சிடிசி (கம்பெனி வருஷத்துக்கு நமக்காகச் செலவு பண்ற மொத்தத் தொகை, எவ்வளவு எதிர்பாக்கறோம்னு) கேக்கறப்போ இப்ப வாங்கற சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திச் சொல்லலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வேணாம் தம்பி. பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 (சம்பளத்துல வரி பிடிச்சதுக்கு கம்பெனி தர்ற சர்டிபிகேட்) எல்லாம் கேட்டு வாங்குவாங்க, ஆஃபர் குடுத்த பிறகு மாட்டினா இன்னும் அசிங்கம். இப்ப வாங்கறதை உள்ளபடி சொல்லிட்டு, எதிர்பாக்கறதைத் தாராளமா கேளுங்க, அது உங்க உரிமை. ஆனா சிடிசியை 12ஆல வகுத்து அதுதான் கைக்கு வரும்னு கணக்குப் போட்டுடாதீங்க. பேசிக்ல 12 சதவீதம் உங்க பிஎஃப் போகும், கம்பெனி போடற பிஎஃப்பையும் நிறைய இடத்துல சிடிசிக்குள்ளயே காட்டியிருப்பாங்க, கிராஜுவிட்டியும் (பல வருஷம் வேலை பாத்துட்டு விலகறப்போ தர்ற தொகை) அதுலயே உக்காந்திருக்கும், சில இடத்துல வேரியபிள் பேன்னு ஒண்ணு வேற, அது வந்தா வரும். அதனால ஹெச்ஆர்கிட்ட "மாசம் கைக்கு எவ்வளவு சார்"னு நேராவே கேட்டு, பிரேக்-அப்பை மெயில்ல வாங்கிக்குங்க. இதுக்கெல்லாம் கூச்சப்படற வயசு இல்ல.

கேள்வி: போன்லயே இன்டர்வியூ முடிஞ்சு செலக்ட் ஆயிட்டேன்னு சொன்னாங்க. ட்ரெயினிங் டெபாசிட்டுக்கு பணம் அனுப்பச் சொல்றாங்க.
– வாசகி, பல்லாவரம்

பதில்: அனுப்பாதீங்க. வேலை குடுக்கற கம்பெனி உங்களுக்குத்தான் சம்பளம் தரணும். ஏற்கனவே அனுப்பிட்டீங்கன்னா இதைப் படிச்சு முடிச்ச உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் பண்ணாதீங்க.